பஞ்சு வைத்துத் தைத்த உறை

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு,

இங்கே நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று எழுத ஆசைதான். ஆனால் போன ஞாயிறு தொலைபேசியில் மென்றுகொண்டே பேசினாய், அதுவும் நின்றுகொண்டு. இனி என்னைத் தொலைபேசியில் கூப்பிடாதே. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ கணினியில் நாலு வரி தட்டிவிடுகிறாய். கடிதம் எழுது. எழுதும்போதாவது உன் கை என்னிடம் இருக்கும்.

உங்கள் கம்பெனி வண்டி ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது. குறையெல்லாம் அதோடு வந்த கையேட்டில்தான். அட்டை முதல் அட்டை வரை வாசித்தேன். பிரேக்கைப் பற்றிய பத்தி ஹாரனில் போய் முடிகிறது. பென்சிலால் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை அச்சடிக்கும்போது யாராவது படித்துப் பார்த்துவிட்டு அச்சடிக்கட்டும்.

இந்த வயதில் இவளுக்கு ஸ்கூட்டர் ஒரு கேடா என்று சிரித்த தெரு இப்போது வாசலில் வந்து விலை கேட்கிறது. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏம்மா, சத்தமே காணோமே. ஓடுதா, தூங்குதா?" என்றார். "என் பொண்ணு செஞ்சது. அவளும் அப்படித்தான், சத்தமே இல்லாம வீட்டுல இருந்த ரேடியோவ முழுசாப் பிரிச்சுப் போட்டவ" என்றேன். அதற்காகத்தானே உன் அப்பா உனக்குத் திருப்புளி என்று பெயர் வைத்தார். மருந்துக்கடைக்காரர் அன்றைக்கே முன்பதிவு செய்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சில வீடுகளும் செய்திருக்கின்றன. எல்லாருக்கும் இந்த மாதம் வண்டி வருமாம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிக் கூடத்தில் சார்ஜ் போடும்போது, கறுப்புப் பெட்டியாக அசிங்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பஞ்சு வைத்து ஓர் உறை தைத்தேன். ஒயர் நுழைய ஒரு காஜாவும் எடுத்தேன். கான்வென்ட்டில் எங்கள் தையல் சிஸ்டர் துணியைத் திருப்பிப் பார்த்துத்தான் மார்க் போடுவார். இந்த உறையை நீயும் திருப்பிப் பார்க்கலாம். வண்டி வாங்கும் வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்று தைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கொடுக்கலாமா? சோதனைப் பிரிவுக்கு நீதானே தலைவி, அதனால் கேட்கிறேன்.

உன் அம்மா


பிப்ரவரி 19

அன்புள்ள அம்மா,

கை உங்களிடம்தான் இருக்கிறது. கண் மட்டும் சோதனை மேசையில். அங்கே ஒரு பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. கோபிக்க வேண்டாம்.

போன வாரம் புது மோட்டாரைப் போட்டு, ஆஸ்பத்திரி மேட்டில் இரண்டு தடியர்களை உட்கார வைத்து வண்டியை ஏற்றிப் பார்த்தோம். பாதியில் நின்றுவிடும் என்று எங்கள் வெல்டர் பந்தயம் கட்டியிருந்தார். வண்டி ஏறி உச்சியில் போய் நின்றதும் அவர்தான் முதலில் அழுதார். "தூசிம்மா, தூசி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா, காகிதத்தில் கோடாக இருந்த ஒன்று ஆளைச் சுமந்துகொண்டு மேடு ஏறுகிறது. இதற்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் நின்றுகொண்டு சாப்பிடலாம்.

ஆனால் முதலாளிப் பையனுக்குப் பொறுமை என்பதே இல்லை. (நீங்கள் வைத்த பெயர் இங்கே எல்லாருக்கும் பரவிவிட்டது. அவனுக்கும் தெரியும்.) ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் சூட்டைக் கவனிக்க மூன்று சென்சார் வைப்போம். எந்தப் பக்கம் சூடு ஏறினாலும் சார்ஜ் தானாக நின்றுவிடும். இந்த மாதம் சென்சார் அனுப்புகிறவர் கையை விரித்துவிட்டார். "இப்போதைக்கு ஒண்ணு போதும் அக்கா. பேட்டரி என்ன காய்ச்சல் வந்த குழந்தையா, மூணு எடத்துல தொட்டுப் பாக்க?" என்கிறான். இரண்டு நாள் சண்டை போட்டேன். வண்டி போகாவிட்டால் யாருக்கும் சம்பளம் இல்லை என்றான். கடைசியில் ஒரே சென்சாரோடு அனுப்பக் கையெழுத்துப் போட்டேன். வெயில் காலத்துக்கு முன் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுத்துவிடுவோம்.

உறை பிரமாதம் அம்மா. தாராளமாகத் தைத்துக் கொடுங்கள். நாங்கள் பேட்டரிக்குக் கம்பளியே போர்த்திச் சோதித்திருக்கிறோம். ஒன்றும் ஆகாது.

கையேட்டைப் பார்த்தேன். பென்சில் இல்லாத இடமே இல்லை.

உங்கள் திருப்புளி


ஏப்ரல் 2

மகளுக்கு,

பதறாமல் படி. எனக்கு ஒன்றும் இல்லை.

நேற்று மாலை மருந்துக்கடைக்காரர் வீட்டில், சார்ஜில் இருந்த பேட்டரி பற்றிக்கொண்டது. முதலில் புகை, பிறகு பட்டாசு வெடிப்பதுபோலச் சத்தம். அவர் அதை வாசலுக்கு இழுத்துப் போடப் பார்த்திருக்கிறார். இரண்டு உள்ளங்கையும் வெந்துவிட்டன. முன்னறை முழுக்கக் கரி. அவர் மனைவியும் மாமியாரும் பின்கட்டில் இருந்ததால் தப்பித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் என்னைத் தேற்றினார். "விடுங்கம்மா, மெஷின்னா ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும்." அவர் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மெஷினப் பாத்தா வாங்கினோம்? உங்க பொண்ணப் பாத்துல்ல வாங்கினோம்." கொண்டுபோன கஞ்சியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

இது எப்படி நடந்தது? உடனே எழுது.

அம்மா


ஏப்ரல் 5

அன்புள்ள அம்மா,

முதலில் இதைச் செய்யுங்கள். நீங்கள் கொடுத்த உறைகள் அத்தனையையும் இன்றே கழற்றி வாங்கிவிடுங்கள். எங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை யாரும் சார்ஜ் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். தயவுசெய்து வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள்.

எரிந்த பேட்டரி இங்கே வந்துவிட்டது. பஞ்சு அதன்மேல் ஒட்டிக் கருகியிருக்கிறது. உறை சூட்டை வெளியே விடவில்லை. விசாரணை அறிக்கை எழுத வேண்டியது நான்தான். பணம் போடுகிறவர்கள் இந்த மாதக் கடைசியில் வருகிறார்கள். அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி இந்தத் தீதான். கம்பெனி அனுமதிக்காத உறையைப் போட்டதால் விபத்து என்று அறிக்கை போனால் கம்பெனி பிழைக்கும். இல்லாவிட்டால் வெல்டரிலிருந்து வாசலில் நிற்கும் காவலாளிவரை எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏழு வருடமாக நான் செய்த வேலையும் அதோடு சரி.

எங்கள் ஆள் ஒரு தாளோடு வருவார். உறையை நீங்கள் தைத்துக் கொடுத்ததாக அதில் இருக்கும். பொய் இல்லையே அம்மா, நீங்கள் தைத்ததுதானே. கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள். உங்கள்மேல் யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்று முதலாளிப் பையன் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

உங்களிடம் இதைக் கேட்கக் கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் திருப்புளி


ஏப்ரல் 11

மகளுக்கு,

உறைகளை வாங்கிவிட்டேன். வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நான் கொடுத்தது தப்பு, திருப்பிக் கொடுங்க" என்றேன். இனி இந்தத் தெருவில் நான் தலையை எப்படி வைத்துக்கொண்டு நடக்கிறேன் என்பது என் கவலை.

உங்கள் ஆள் வந்தான். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, "இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க பாட்டி" என்றான். "உனக்கு நான் பாட்டியில்லை. தாளைக் கொடு" என்றேன். வாசித்தேன். என்னைப் பற்றி எல்லாம் இருந்தது. பேட்டரியைப் பற்றி ஒரு வரி இல்லை.

"தம்பி, என் பேட்டரிக்கும் இதே உறைதான். ஒரே துணி, ஒரே பஞ்சு, ஒரே கை தைச்சது. குளிர் காலத்துலேர்ந்து போட்டிருக்கேன். என்னோடது ஏன் எரியல?"

அவன் என் பேட்டரியைக் கவிழ்த்து எண்ணைப் பார்த்தான். "உங்களோடது பழைய பேட்ச்சும்மா" என்றான். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது போலிருக்கிறது. காதுவரை சிவந்துவிட்டான். பழையது என்றால் மூன்று சென்சாரும் உள்ளது. மேற்கொண்டு கேட்க வேண்டியவள் நீ.

கம்பளி போர்த்திச் சோதித்தோம் என்று எழுதினாயே, அது மூன்று சென்சார் இருந்த பேட்டரியை. ஒன்றை மட்டும் வைத்து அனுப்பினோம் என்று எழுதியதும் நீதான், அதே கடிதத்தில். இரண்டையும் எழுதிய கை ஒன்று. நடுவில் ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால், உறை வேண்டாம் என்று எனக்கு எழுதியிருப்பாய். நான் கேட்டேன். நீ மேசையைப் பார்த்துக்கொண்டு பதில் எழுதினாய்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. தைத்தவள் நான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் தாளில் உள்ளபடி போனால், மருந்துக்கடைக்காரர் கையை அவரே சுட்டுக்கொண்டார் என்றாகும். அந்த மனிதர் இனிமேல் மாத்திரை அட்டையைப் பிரிக்கவே இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். உன்னை நம்பி வாங்கியவர். மற்ற ஊர்களில் உறை போடாமலேயே ஒரு துண்டோ போர்வையோ தவறி விழுந்தால் என்ன ஆகும்? அந்த வீடுகளுக்கு யார் போய்ச் சொல்வது?

அச்சடித்த தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறொரு தாளில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். என்ன துணி, எவ்வளவு பஞ்சு, யார் யாருக்குக் கொடுத்தேன், எல்லாம். கீழே கையெழுத்து. அது பக்கத்தின் மேல்பாதி. கீழ்ப்பாதியைக் காலியாக விட்டிருக்கிறேன். அது நீ எழுத வேண்டியது.

உங்கள் ஆளிடம் கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு உனக்கே அனுப்புகிறேன். என் பாதியை மட்டும் கிழித்து நீ அவர்களிடம் கொடுக்கலாம். உன்னைத் தடுக்க நான் அங்கே இல்லை.

அம்மா


ஏப்ரல் 30

அம்மா,

கீழ்ப்பாதியை எழுதிவிட்டேன். பணம் போடுகிறவர்கள் முன்னால் முழுப் பக்கத்தையும் நானே வாசித்தேன், உங்கள் பாதியை முதலில். பஞ்சின் எடை வந்த இடத்தில் ஒருவர் சிரித்தார். கீழ்ப்பாதிக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் எழுந்து போன பிறகு முதலாளிப் பையன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே அக்கா" என்றான். முதலிலேயே, பிப்ரவரியிலேயே சொன்னேன் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. அந்த மாத வண்டிகளின் பேட்டரிகளை எல்லாம் திரும்ப வாங்க உத்தரவு போயிருக்கிறது. சென்சார் வரும்வரை பட்டறை பூட்டு. பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். என்னைப் போகச் சொல்லவில்லை, நானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டவள் நான் அல்லவா. வெளியே வரும்போது வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு மேட்டில் அழுதாரே, அவர்தான்.

நீங்கள் சொன்னது சரி. சரியாக இருப்பது உங்களுக்கு எப்போதுமே சுலபமாக இருந்திருக்கிறது. எனக்கு அப்படி இல்லை. உங்கள் கையெழுத்து கண்ணில் படாமல் கடிதங்களைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

மகள்


ஜூலை 8

அன்பு மகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை. இதைக் கடிதமாக எடுத்துக்கொள்ளாதே. உன் வண்டியைப் பற்றிய தகவல், உனக்குச் சேர வேண்டியது.

நேற்று உங்கள் கம்பெனி வேன் வந்தது. மே மாதம் தெருவிலிருந்து எடுத்துப்போன பேட்டரிகளைச் சரிசெய்து கொண்டுவந்தார்கள். எல்லாருடையதையும் எடுத்தபோது சோதனைக்கென்று என்னுடையதையும் எடுத்திருந்தார்கள். இறக்கி வைத்த பெண் உங்கள் பட்டறையில் பேட்டரி பூட்டுகிறவளாம். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. மூன்று சென்சாரும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மூணா? இப்ப நாலும்மா. ஒண்ணு சரியில்லன்னாலும் டப்பாவ மூட விடமாட்டாங்க. முன்ன இருந்த அக்கா எழுதி வெச்சுட்டுப் போனதாம், சுவத்துல ஒட்டியிருக்காங்க. எங்க வெல்டர் இருக்காரே, அந்தத் தாள் பக்கத்துல யாரையும் பீடி குடிக்க விடமாட்டாரு."

முழுப் பக்கத்தையும் ஒட்டியிருக்கிறார்களா, உன் பாதியை மட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் புது பேட்டரியை வாங்கிக்கொண்டார். வலது கை நன்றாக மூடுகிறது, இடது இன்னும் முழுதாக மூடவில்லை. அவர் மனைவி வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க வாங்குறீங்களா?" என்று கேட்டாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

சுலபம் என்று எழுதியிருந்தாய். உன் பாதியை எழுத நீ எத்தனை தாளைக் கிழித்தாய் என்று எனக்குத் தெரியாது. என் பாதிக்கு நான் கிழித்ததும் உனக்குத் தெரியாது. வாசல் கதவைத் திறந்தால் அந்தக் கரிச்சுவர்தான் கண்ணில் படும். இப்போது வெள்ளையடித்துவிட்டார்கள். கரி இன்னும் தெரிகிறது.

நானும் என் பேட்டரியை வாங்கிக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூக்கிவந்து, கூடத்தில் பழைய இடத்திலேயே வைத்துச் சார்ஜ் போட்டேன். உறை இல்லாமல், அதே கறுப்புப் பெட்டியாக. பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தேன். முழித்துப் பார்த்தபோது சாயங்காலமாகிவிட்டிருந்தது. பேட்டரி சார்ஜ் ஏறி, தானாக நின்றிருந்தது.

பதில் வேண்டாம்.

உன் அம்மா