எலிகளின் குடல், அப்பாவின் குடல்

ஜூன் 9, திங்கள்

இன்று சொல்லாமல் விட்டது: "அது எலிக்குப்பா. உங்களுக்கு இல்ல."

பட்டாபிராமில் காலையிலிருந்தே புழுக்கம். லேத் பட்டறையில் அப்பாவோடு வேலை பார்த்த சேகர் சித்தப்பா ஆப்பிளோடு வந்தார். அப்பாவின் பெருங்குடல் கட்டியை ஆபரேஷன் செய்து எடுக்க டாக்டர் ஏப்ரலிலேயே தேதி கொடுத்தார். அப்பா போகவில்லை. மலம் போக வயிற்றில் பை மாட்டுவார்களாம்.

"இன்னா மாமே, கத்தின்னா பயமா?"

"பயம் இன்னாத்துக்கு? எம்பொண்ணு இதுக்குத்தான் ஆராய்ச்சி பண்ணிகினு கீது. ஒரு செல்லுக்கு ஆப்பு வெச்சா கட்டி சுருங்கிடுமாம். அதுவரைக்கும் தள்ளிப்போடலாம்னு கீறேன்."

"டாக்டரே ஊட்ல கீது, உனக்கு இன்னா கொற!"

நான் டாக்டர் இல்லை. முனைவர் பட்டம்கூட இன்னும் வரவில்லை. சிரித்தபடி டீ கொடுத்தேன்.

ஜூன் 11, புதன்

ஆய்வகம். கூண்டு சுத்தம். ஸ்லைடுகளுக்குச் சாயம். ரயில் பாஸ் புதுப்பிக்க. அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

எலியின் குடல் சுவரில் இங்கொன்றும் அங்கொன்றுமாக டஃப்ட் செல்கள். தலையில் தூரிகை போல மயிர். புழு நுழைந்தால் சேதி அனுப்பும். பக்கத்துச் செல்கள் பெருகிச் சுவரைக் காக்கும். கட்டிக்குள்ளும் அதே சேதி. அதைக் கேட்டுக் கட்டியும் பெருகுகிறது. சேதியைத் தடுத்தால் சில எலிகளில் சுருங்கியது. சிலவற்றில் வளர்ந்தது. ஏன், தெரியவில்லை.

ஏப்ரலில் அப்பாவிடம் சுருங்கியதை மட்டும் சொன்னேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. மீதியை விழுங்கிவிட்டேன்.

அப்பா பெல்ட்டில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டிருக்கிறார்.

ஜூன் 14, சனி

சொல்லிவிட்டேன். அப்பா நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எலிக்குத்தான்பா. எல்லா எலிக்கும்கூட இல்ல."

"மருந்து வர எவ்ளோ நாளாவும்?"

"தெரியாதுப்பா. வருமான்னே தெரியாது."

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

கோபமே இல்லை. திட்டியிருக்கலாம். எல்லா நகமும் வெட்டி முடித்தார்.

"சரி, டாக்டருக்குப் போன் போடு. அந்தப் பைய மாட்டிகினு சட்டைய இன் பண்ண முடியுமான்னும் கேளு."

ஜூன் 24, செவ்வாய்

9.30க்கு அப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கூட்டிப்போனார்கள். மூன்று மணி நேரமாகும் என்றார்கள். அம்மா பிரசாதத் திருநீற்றைப் பொட்டலத்தோடு கையில் பிடித்தபடி.

10.20க்கே டாக்டர் வெளியே வந்தார். வயிறு முழுக்கப் பரவியிருந்ததாம். கட்டியை எடுக்காமல் தைத்து மூடிவிட்டார்கள்.