பிளாப்பிக்கு வைத்த சந்தனம்

இலஞ்சி
24.10.1988

பெங்களூரில் கம்ப்யூட்டர் சாம்ராஜ்யத்தைக் கட்டி ஆளும் சிரஞ்சீவி தளவாய்க்கு, தாய்மாமன் குற்றாலநாதன் ஆசியுடன் எழுதுவது. நீ அனுப்பிய கம்ப்யூட்டரைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம்.

மருமகனே, உன் ஏழு பக்கக் குறிப்பை நான் படித்த படிப்பைப் படிக்கிற வயதில் படித்திருந்தால் கலெக்டராகி, உன் அப்பாவை என் ஆபீஸ் வாசலில் நிற்க வைத்திருப்பேன். ‘ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்’ என்பது உன் முதல் கட்டளை. அனுப்பியதோ ஆடி மாதம். சாரலில் நம் வீட்டு உப்பே குடை கேட்கும் என்பது மறந்து போச்சா? பக்கத்து ரைஸ்மில் ஓட ஆரம்பித்தால் கரண்ட் படுத்துவிடும். திரையில் எழுத்தெல்லாம் கடுகாகச் சுருங்கும். தென்காசி மீது மூன்று முறை படையெடுத்து ஒரு ஸ்டெபிலைசரை வென்று வந்தேன். உன் புரோகிராம் இருக்கும் அந்தப் பிளாப்பித் தகட்டைத் தலைகீழாகச் செருகியது ஒன்பது தடவை. பத்தாவது தடவை ஓடியது. அன்று நான் குடித்த காப்பியில் ஐந்தருவியையே நிரப்பலாம்.

இத்தனை பாடும் எதற்கு? உன் தங்கை குழல்வாய்மொழிக்காக. டிபரன்ஷியல் ஈக்வேஷன் பேப்பரில் இரண்டு முறை கவிழ்ந்தாயிற்று. நவம்பர் பதினான்காம் தேதி மூன்றாவது முறை. இதிலும் போச்சென்றால் பி.எட். கிடையாது, தையில் சிவகிரி மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான் என்று உன் அப்பா வீரபாகு அத்தான் உத்தரவு போட்டுவிட்டார். டீச்சராகாமல் எவன் வீட்டுக்கும் போகமாட்டேன் என்கிறாள் அவள்.

உன் புரோகிராம் கெட்டிக்காரப் புரோகிராம்தான். கணக்கைத் தட்டினால் படிப்படியாகப் பிரித்துக் காட்டி, முடிவில் ஒரு வளைகோடும் வரைகிறது. அவள் தப்பாகப் போட்டால், ‘குழலி, அண்ணன் சொல்கிறேன், நிதானமாகப் பார்’ என்று இங்கிலீஷில் வருகிறது. வரும்போதெல்லாம் அத்தானின் கையிலிருக்கும் பேப்பர் கீழே இறங்கும். நீ பட்டாளத்துத் தேர்வுக்குப் போகாமல் பெங்களூருக்கு ஓடி நாலு வருஷம். அன்றிலிருந்து உன் பெயரை உச்சரிக்காத சுபேதார் அவர். ஒரு நாள் அவள் எல்லாவற்றையும் சரியாகவே போட்டுக்கொண்டு போக, “ஏட்டி, ஒண்ணாவது தப்பாப் போடமாட்டியா?” என்று அதட்டினார்!

பிறகு வந்தது சரஸ்வதி பூசை. பூசையறையில் அத்தானின் மெடல்கள், அரிவாள், மண்வெட்டி வரிசையில் உன் பிளாப்பியும் சந்தனம் குங்குமத்தோடு கொலுவிருக்கிறது. உறைமேல் வைத்திருந்தாலும் பரவாயில்லை. உறையிலிருந்து உருவி, முட்டை வடிவத்தில் திறந்திருக்குமே, அந்தப் பளபளப்பில் அப்பியிருக்கிறது. உன் அம்மாவைக் கேட்டேன். “அதைப் பாத்தாலே எனக்குப் பயமா வருது, நான் எங்கன தொடுதேன்?” என்றாள். குழலி ஒரே அழுகை. அத்தானோ, “எவம்லே வச்சான்?” என்று குற்றாலத்துக் குரங்குகள் கேரளாவுக்கு ஓடும்படி கத்தினார். கத்தியவரின் மோதிர விரலில் சந்தனம் காயவில்லை. நான் பார்க்கவில்லை, நீயும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

துடைத்துப் போட்டுப் பார்த்தேன். செக்கு போல முனகிவிட்டுக் கைவிரித்தது. நகல் எடுத்து வைக்கச் சொன்ன மகாராஜனே, நகல் எடுக்க ஒரு வெற்றுப் பிளாப்பி அனுப்பினாயா? பாடத்தில் செகண்ட் ஆர்டர் கணக்குகள் முழுக்க அப்படியே கிடக்கின்றன. இருப்பது மூன்றே வாரம்.

பார்சல் அனுப்புகிற வேலை வேண்டாம். பிளாப்பியைக் கையோடு கொண்டுவந்து, நாலு நாள் உட்கார்ந்து உன் வாயாலேயே சொல்லிக் கொடு. அவள் திணறும்போது அந்தப் பெட்டிக்கு அவள் முகம் தெரியாதப்பா.

மிஷினைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து கம்பெனி ஆள் வருவதாக அத்தானிடம் சொல்லி வைத்திருக்கிறேன். “வந்து தொலையட்டும்” என்றார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, “எந்த ரயில்ல வருதான்?” என்று கேட்டார். ரிப்பேர்காரன் வரும் ரயிலை விசாரித்த சுபேதாரை இந்தப் பூலோகத்தில் நீ கண்டதுண்டா?

நாளையும் ரயிலையும் எழுதி ஒரு கார்டு போடு. தென்காசி ஸ்டேஷனுக்கு நான் வருவதற்கில்லை. அன்றைக்கு எனக்கு முழங்கால் வலிக்கும். வேறு யாராவது வந்து நின்றால், பெட்டியை அவரிடமே கொடுத்துவிடு.

நீ நூறு வருஷம் நன்றாக இரு. அதில் நாலு நாள் இங்கே இரு.

உன் மாமன்,
குற்றாலநாதன்