தெற்கு டீமுக்கு ஒரு ஆள் குறைகிறது

என் முட்டியில் ஆயுசுக்கும் ஒரு தழும்பு வாங்கிக் கொடுத்த கேப்டன் செல்வி அக்காவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு உனக்குச் சொல்ல வேண்டிய சேதிகள் நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு எனக்கு முதலில் அந்த மந்தைவெளி டீக்கடைதான் ஞாபகம் வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சாயங்காலம். ராஜா அண்ணாமலைபுரம் மைதானத்தில் ஆடிவிட்டு, சேறு காயாத காலோடு டீ குடித்துக்கொண்டிருந்தோம். கால்பந்து ஆடுகிற முதல் பெண்கள் நாம்தான் என்று நான் பீற்றிக்கொண்டேன். கடைக்காரர் சேட்டன் சிரித்துவிட்டார். ஹாங்காங்கில் ஆரம்பித்த பெண்கள் ஆசியக் கோப்பை அவருடைய கோழிக்கோட்டுக்கே வந்ததாம். உட்கார இடமில்லாமல் அவர் நின்றுகொண்டே பார்த்தாராம். அவ்வளவு ஆள் இருந்ததால் இந்தியா இரண்டு அணிகளை இறக்கியதாம், தெற்கு ஒன்று, வடக்கு ஒன்று. தெற்கு அணி இறுதி ஆட்டம் வரை போனதாம்.

நீ டீயை அப்படியே வைத்துவிட்டாய். "இன்னா சேட்டா சொல்ற! ரெண்டு டீமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். நாம் பாவாடை கட்டிய வயதில், நம்மைப் போன்ற பெண்கள் ஆசியாவையே எதிர்த்து நின்றிருக்கிறார்கள். நமக்கு யாருமே சொல்லவில்லையே அக்கா, ஏன்?

நமக்கோ பதினோரு பேர் சேர்ப்பதே பெரும்பாடு. ஒரு லீக் ஆட்டத்தன்று என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. காலையிலேயே நீ பந்தும் கையுமாக எங்கள் மயிலாப்பூர் வீட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாய். அம்மா சொஜ்ஜி கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டிம்மா, நாலு மணிக்கு அவாள்ளாம் வரா. இவ வெயில்ல ஆடி மூஞ்சி கன்னிப்போய் வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?"

"இவ வரலைன்னா நாங்க பத்து பேருதான் மாமி. பத்து பேரோட எறங்குனா, பொண்ணுங்களுக்கு ஆளே கெடைக்கலன்னு சிரிப்பானுங்கோ."

அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். கோழிக்கோட்டுக் கதை முழுவதையும் சொன்னாய். அம்மாவின் கரண்டி பாதியில் நின்றது.

"ரெண்டு டீமா? அவ்ளோ பொண்கள் இருந்தாளா?"

"இருந்தாங்கோ மாமி. இன்னிக்கு எங்களுக்கு ஒண்ணு கொறையுது."

அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள். "மூணு மணிக்கு ஆத்துல இருக்கணும்."

ஆட்டத்தில் நன்றாகவே தோற்றோம். ஆனால் வரிசையில் பதினோரு பேர் நின்றோம், ஒருத்தனும் சிரிக்கவில்லை. சாயங்காலம் பட்டுப்புடவைக்குள், ஆட்டத்தில் விழுந்து கிழிந்து வீங்கிய முட்டியோடு நமஸ்காரம் பண்ணப் போய், பாதியில் ஐயோ என்று கத்திவிட்டேன். "முட்டில என்னம்மா?" என்று பிள்ளையின் அம்மா கேட்டாள். "ஃபுட்பால் ஆடினேன் மாமி" என்றேன். அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "நம்ம பொண்கள் ஆசியாவுலயே ரெண்டாவதா வந்திருக்கா, தெரியுமோ?"

ஏதோ நானே போய் வந்தது மாதிரி! அந்த வரன் தட்டிப்போனதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, உனக்குத் தெரியும்.

அந்த வருஷங்களில் கோப்பை சீனாவை விட்டு நகரவே இல்லை. அதற்கு முன்னால் நம் பெண்கள் தாய்லாந்துக்குப் போய், அவர்களிடமே இன்னொரு முறை இறுதியில் தோற்ற கதையையும் சேட்டன்தான் சொன்னார். ஆற்றோரத்துக் குடிசைகளை இடித்து உங்களை ஊருக்கு வெளியே அனுப்பியதும் நம் டீமும் உடைந்தது. நீ மட்டும் விடவில்லை, அங்கே போயும் ஆடப் பெண்களைத் தேடி வீடு வீடாகக் கதவைத் தட்டினாய்.

நீ இறந்த மறு வருஷம் அந்தக் கோப்பை திரும்ப நம் நாட்டில் நடந்தது. கொரோனா வந்து, ஆட ஆள் போதாமல் நம் அணி விலக வேண்டியதாயிற்று. அன்று முழுக்க அழுதேன். பத்து பேர்தான் என்று எங்கள் அடுக்களை வாசலில் நின்ற உன் முகம் கண் முன்னால் வந்துவிட்டது. ஆனால் இதைக் கேள்: பிறகு நம் பெண்கள் தாய்லாந்துக்கே போய், அவர்களை அவர்கள் ஊரிலேயே ஜெயித்து அடுத்த கோப்பைக்கு இடம் பிடித்தார்கள். அன்றைக்கு நம்மை இறுதியில் தோற்கடித்த அதே தாய்லாந்து!

இதை உன் மகளிடம் சொல்லத்தான் போன ஞாயிறு உங்கள் பக்கம் வந்தேன். மைதானத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை பெண்கள், இரண்டு டீம். ஒன்று தெற்காம், மற்றது வடக்காம். ஏன் அந்தப் பேர் என்று கேட்டால், "செல்வி அக்கா வெச்சது" என்கிறார்கள். ஏன் வைத்தாய் என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. உட்கார வைத்து நான்தான் சொன்னேன். டீயை வைத்துவிட்டு நீ பார்த்த அதே பார்வையை அத்தனை முகத்திலும் பார்த்தேன் அக்கா.

எழுந்ததும் உன் மகள் தலைகளை எண்ணினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சவுத்துக்கு ஒரு ஆள் கொறையுது சித்தி. எறங்குறியா?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோல் கம்பத்துக்கு நடுவில் போய் நின்றேன். எத்தனை பந்தை விட்டேன் என்று மட்டும் கேட்காதே. இனி ஒவ்வொரு ஞாயிறும் வருவேன். நான் இருக்கும் வரை உன் டீம் பத்து பேரோடு இறங்காது.

உன் தங்கச்சி,
பதினோராவது ஆள்,
ராஜி