பதினொரு ஒன்றுகள்

பாசமுள்ள கோதண்டம் மச்சானுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் எண் உடைந்துவிட்டது.

பதினொரு ஒன்றுகளை நிறுத்தி, 11111111111, இதை ஒன்றைத் தவிர வேறெந்தச் சின்ன எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது என்றாயே, அதுதான். ஏழு ஒன்றுகளை 239 உடைக்கும் என்று கண்டுபிடித்தவன் நீ. செங்கல்பட்டு ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில், ரயில் இல்லாத நேரமெல்லாம் வகுத்துக்கொண்டிருப்பாய். பதினொன்று மட்டும் மசியவில்லை. "இரும்பு, மச்சான்!" என்றாய்.

கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோதும் உன் அப்பாவிடம் அதையே சொன்னாயாம். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். மாமல்லபுரத்தில் நீ கடல் பார்த்து உட்கார்ந்த இடத்தில் உன் நினைவாக ஒரு கல் பெஞ்சு. உன் பேருக்குக் கீழே அந்த எண். "எம்புள்ள சொன்னது கல்லுல நிக்கணும்" என்றார். உன் விஷயத்தில் அவருக்கு மிச்சமிருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

எனக்குச் சந்தேகம். நீ சில ஆயிரம் வரைதான் வகுத்துப் பார்த்திருந்தாய். எங்கள் இன்ஜினீயர் ஆபீசுக்குக் கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷின் வந்திருக்கிறது. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும் 22-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். 23, 67, 89 என்று கீழிருந்து ஏறினேன். 21649-இல் மீதி பூஜ்யம். ஈவு 513239.

வெறும் ஒன்றுகளுக்குள் இந்தக் கோணல் எண்கள் எப்படி வந்தன? நீ இருந்தால் என்ன சொல்வாய்?

கல் தச்சர் பட்டறைக்கு ஓடினேன். மாமா பக்கத்தில் நிற்க, தச்சர் உன் பேரை வெட்டி முடித்திருந்தார். "இன்னா சார், வெறும் கோடா கீது? மழைத் தண்ணி அளக்கறதா?" என்று அடுத்து வெட்டவேண்டிய ஒன்றுகளைக் காட்டிச் சிரித்தார்.

"உளியை நிறுத்துங்க. மாமா, அது உடையுது."

"கல்லுலயும் தப்பு கண்டுபுடிக்க வந்துட்டீங்களா மாப்ளே? மெஷினு தப்பா சொல்லியிருக்கும்."

"21649-ஐயும் 513239-ஐயும் பெருக்கிப் பாருங்க."

கரித்துண்டை எடுத்துக் கல்மேலேயே பெருக்கினார். கூட்டும்போது வலப்பக்கத்திலிருந்து ஒன்று, ஒன்று, ஒன்று என்று விழுந்துகொண்டே வந்தது. கடைசி ஒன்றைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எம்புள்ள தோத்துட்டானா?"

"ஆமாம் மாமா."

வேறு எப்படிச் சொல்வது மச்சான்? அவர் கரிக் கணக்கில் பெருக்கிய இரண்டு எண்களையும் விரலால் தொட்டார். பிறகு, "இந்த ரெண்டும் இன்னும் ஒடையுமா?" என்றார்.

"உடையாது. உடைக்கிற சின்ன எண் இருந்தா, அது பதினொரு ஒண்ணையும் வகுத்திருக்கும். 21649-க்குக் கீழே எல்லாம் பார்த்தாச்சு, எதுவும் வகுக்கலை."

"நெஜமா?"

"நிஜமா."

"ஒடையாதது ஒண்ணுன்னான் அவன். ரெண்டா கீதே!" முகம் தெளிந்துவிட்டது. "ரெண்டையும் வெட்டுப்பா."

"கோடுன்னா இந்நேரம் முடிச்சிருப்பேன். இப்ப ஒவ்வொண்ணா வளைக்கணும்" என்று தச்சர் முணுமுணுத்தார்.

பதிமூன்று ஒன்றுகளை வெறும் 53 உடைத்துவிடுகிறது. இப்போது பதினேழில் இறங்கியிருக்கிறேன், மெஷின் திணறுகிறது. உடைந்தால் உடைந்தது என்றுதான் சொல்வேன், உனக்காக மழுப்ப மாட்டேன். ஆனால் முதலில் உன்னிடம்தான் சொல்வேன்.

உன் தங்கையைக் கட்டிய,
பொறுமை இல்லாத மச்சான்