மருந்து போடாத எலிகள்

ஜூன் 3

பிரியமுள்ள சைக்கிள் கடைக்காரருக்கு,

நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தடவுகிறீர்களா, அலமாரியிலேயே தூங்கவிடுகிறீர்களா?

இங்கே வேலை மும்முரம். பயந்தால் உடம்பில் ஒரு ஹார்மோன் ஊறும். ரத்தத்தில் சர்க்கரை எகிறும். அந்த ஹார்மோன் போய் உட்காரும் இடத்தில் எங்கள் செயற்கை ஸ்டீராய்டு முந்திக்கொண்டு உட்கார்ந்து, அதன் வேலையைத் தடுத்துவிடும். பாதி எலிகளுக்கு அந்த மருந்து, மீதிக்கு வெறும் எண்ணெய் ஊசி. பிறகு எல்லாவற்றையும் குறுகலான குழாயில் கொஞ்ச நேரம் அடைத்து வைத்துச் சர்க்கரை பார்க்கிறோம். மருந்து போட்டவற்றுக்கு ஏறவே இல்லை! மற்றவற்றையும் பார்த்துவிட்டால் மாதக் கடைசியில் வீடுதான்.

உங்கள்
எலிக்காரி

ஜூன் 11

என் எலி டாக்டருக்கு,

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. உன்னைக் கேட்காமலே வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டேன். வந்து திட்டு. திட்டு வாங்கி ரொம்ப நாளாயிற்று, வீடு வீடாகவே இல்லை.

உன்
கடைக்காரன்

ஜூன் 20

அன்புள்ள உங்களுக்கு,

எல்லாம் சொதப்பிவிட்டது. மருந்து போடாத எலிகளுக்கும் சர்க்கரை ஏறவில்லை. பேராசிரியர் பக்கத்தில் நின்று பார்த்தார். "ஏம்மா, ஊசி போடுறியா, கொஞ்சுறியா?" என்றார். தினமும் ஒவ்வொன்றையும் கையிலெடுத்து முதுகைத் தடவி, "ஒண்ணுமில்லடா, ஆச்சு ஆச்சு" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கே தெரியாது. அந்தப் பழக்கத்தில் அவை குழாய்க்குப் பயப்படவே இல்லை. பயமே இல்லாதபோது மருந்து எதைத் தடுக்கும்?

புது எலிகளோடு மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். வருஷம் முடிந்துவிடும். வேறொருவரிடம் ஒப்படைக்கலாம் என்கிறார் பேராசிரியர். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவேன். ஆனால் மனசு இங்கேதான் கிடக்கும். பொய் சொல்ல வரவில்லை.

உங்கள்
அசடு

ஜூன் 28

என் அசட்டுக்கு,

கோபம் வந்தது. ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டு முடிப்பதற்குள் போய்விட்டது.

அந்த வேலையை யாரிடமும் கொடுக்காதே. அரைகுறையாக விட்டு வந்து நீ எதிரே உட்கார்ந்திருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான். "போங்கண்ணே, நீங்க இல்லாம நிம்மதியா இருப்பேன்" என்கிறான், திருட்டுப் பயல். சைக்கிள் பஞ்சராகாத ஊர் உண்டா? ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ரயில். இதற்குப் பதில் எழுதாதே. வாங்கிப் படிக்க இங்கே ஆளில்லை.

உன்
நான்