புது நாவல் மேசையில் ஓர் அட்டை

தாராவி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் இசக்கிசெல்விக்கு ஆறுமுகத்தாய் அத்தை எழுதுவது. கோயம்புத்தூரில் நீ சுகமாக இருக்க வேண்டும். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? எனக்கு நாலாம் வகுப்புப் படிப்பு, எழுத்து மேலும் கீழுமாகத்தான் போகும். பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் படி.

போன் செய்திருக்கலாம். போனில் நீ "வாரேன் அத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்கு மறுக்க வாய் வராது. உன்னைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

என் மகள் ராணி போன பிறகு நான் மாட்டுங்காவில் சுந்தரராமன் சார் புத்தகக் கடையில் கூட்டித் துடைக்கிறது உனக்குத் தெரியும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாசல் பக்கம் புது நாவல்களுக்கு என்று ஒரு மேசை. கடையில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் மாதம் ஒரு புதுக்கதையைப் படித்து, அதை ஏன் வாங்க வேண்டும் என்று ஒரு அட்டையில் கையால் எழுதிச் செருகி வைக்க வேண்டும். பில் போடுகிற ஆதர்ஷ் எந்தப் புத்தகத்துக்கும் "கொலைகாரன் யாரென்று கடைசி வரை தெரியாது" என்றுதான் எழுதுவான். காதல் கதைக்கும் அதையே எழுதிவிட்டான்.

சாருடைய மகள் பத்மஜாதான் எழுத்தாளர் கூட்டமெல்லாம் நடத்துகிறது. "நீங்களும் ஒண்ணு எழுதுங்கோ ஆன்ட்டி" என்று அது ரொம்ப நாளாகச் சொல்லும். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அப்போதுதான் கட்டுப் பிரிக்கையில் உன் புத்தகம் வந்தது. பின் அட்டையில் உன் முகம்.

மத்தியானம் ஆள் இல்லாத நேரம் ஏணிப்படியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு மாதம் ஆனது. பேரெல்லாம் மாற்றியிருந்தாய். ஆனால் பாவாடையில் பசை ஒட்டினால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கிறாளே, வடாபாவில் இருக்கிற மிளகாயைத் தோழிக்கு எடுத்துக் கொடுக்கிறாளே, அது யார் என்று எனக்குத் தெரியாதா?

பதினோராம் அத்தியாயத்தை மூன்று தரம் படித்தேன். செக்கிங் ஆபீசர் வருகிறார் என்று பை தைக்கிற பட்டறை ஷட்டரை இறக்கி முதலாளி வெளியே பூட்டுகிறார். உள்ளே பெண்கள் இருக்கிறார்கள். வடாபாவ் வாங்கப் போன தோழி திரும்பி வரும்போது ஷட்டருக்கு அடியில் புகை. முதலாளி எதிர்ச் சாரியில் ஆபீசரோடு பேசிக்கொண்டு நிற்கிறார். சாவி கையில். ஆபீசர் போகிற வரைக்கும் அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குச் சொன்னது வேறு. சூட்டில் ஷட்டர் இறுகிக்கொண்டது, நாலு பேர் சேர்ந்து தூக்கியும் முடியவில்லை என்றார்கள். பட்டறை முதலாளி கணேசபாண்டியன் அண்ணாச்சியே என் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டு சொன்னார். காரியத்துக்குப் பந்தல் போட்டதும் அவர்தான். நானும் கும்பிட்டேன்.

நீ ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். அப்போது உனக்குப் பதினெட்டு வயசு. கதையாகச் சொன்னால் யாரும் உன்னைப் பிடிக்க முடியாது என்று கதையாக எழுதினாய். முதல் பக்கத்தில் எல்லாம் கற்பனை என்று அச்சடித்தும் வைத்தாய். அதை நான் கெடுத்துவிட்டேன் தாயி.

அன்றைக்கே ஒரு அட்டை கேட்டு வாங்கி எழுதினேன். "இதில் சாகிற பெண் என் மகள் விஜயராணி. பூட்டு வெளியே போட்டிருந்தது என்று இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எல்லாரும் வாங்கிப் படியுங்கள். ஆறுமுகத்தாய், கடை கூட்டுகிறவள்." உன் புத்தகத்தில் செருகி வைத்தேன். அப்போது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

பத்மஜாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "எழுத்து என்ன அழகா இருக்கு ஆன்ட்டி" என்று படம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை கடையில் நடக்கப்போகிற உன் கூட்டத்து நோட்டீசோடு சேர்த்துக் கடை பேரில் போனில் போட்டுவிட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்கு நடந்து போகையில் தொண்ணூறடி ரோட்டில் ஆட்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். மறுநாள் நான் வாசித்துக் காட்டியதும் அந்தப் பெண் வெளிறிப் போய் படத்தை எடுத்துவிட்டது. எடுத்து என்ன?

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சியே கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கூட இரண்டு பேர். முகம் நிறையச் சிரிப்பு. "ஏன் மதினி, நம்ம தெருப் புள்ள இம்புட்டுப் பெரிய ஆளாயிட்டா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? எந்த வண்டியில வாரா? டேசனுக்கு நானே காரு அனுப்புதேன்" என்றார். உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி சிரமம் என்றேன். உன் புத்தகத்தை எடுத்தார். அட்டையை உருவி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கூட்டத்தன்றைக்கு முன் வரிசை பூராவும் தன் ஆட்களுக்கு வேண்டும் என்றார்.

போகும்போது குடோன் பக்கம் எட்டிப் பார்த்தார். "இந்தப் பின் கதவு எப்பவும் பூட்டித்தான் கெடக்குமோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் அவர் எதற்குக் கேட்டார் என்று எனக்கு உறைத்தது.

போலீசில் சொல்லலாம் என்கிறார் சார். சொல்லட்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ராணி விஷயமாகப் போய், யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு அங்கேதான் கிடக்கிறது.

நேற்று முதல் எங்கள் சந்து முனையில் இரண்டு பேர் பைக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போனால் எழுந்து வழி விடுகிறார்கள்.

ஆகையால் நீ வராதே. டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடு. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஹாஸ்டலை விட்டு வேறு எங்கேயாவது போய் இரு. எங்கே என்று எனக்கும் சொல்லாதே. கேட்டால் எனக்குத் தெரியாது என்று நான் உண்மையாகவே சொல்ல வேண்டும்.

கூட்டம் நடக்கும். பத்மஜாவிடம் பேசிவிட்டேன். அழுதது, அப்புறம் சரி என்றது. உனக்குப் போட்ட நாற்காலியில் நான் உட்காருவேன். பதினோராம் அத்தியாயத்தை நான் வாசிப்பேன். முன் வரிசையில் அவர் ஆட்களே இருக்கட்டும். தினமும் ராத்திரிச் சோறு ஆக்கும்போது சத்தம் போட்டு வாசித்துப் பழகுகிறேன். பூட்டு வருகிற இடத்தில் மட்டும் தட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும்.

காலையில் கடை திறக்கிறது நான்தான், பின் கதவுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்குப் பூட்டையே கழற்றி என் பைக்குள் போட்டுக்கொள்வேன். உள்ளே யார் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கதவு திறந்துதான் கிடக்கும்.

அதற்கப்புறம் என்னைப் பற்றி ஒரு தகவலும் தெரியாவிட்டால் தேடிக்கொண்டு வராதே. நீ இன்னும் எழுத வேண்டும். ராணி உனக்குக் கொடுத்த மிளகாயெல்லாம் வீண் போகக் கூடாது.

நூறு வயசுக்கு நல்லாயிரு. எந்த ஊருக்குப் போனாலும், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், கதவு திறந்திருக்கிற பக்கமாகப் பார்த்து உட்காரு மகளே.

இப்படிக்கு,
விஜயராணியின் அம்மா,
உன் அத்தை ஆறுமுகத்தாய்.