வெற்றிலை குடித்த தண்ணீர்

மச்சான், எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே சறுக்குகிறது. நாலு சொல் எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனால் யாரிடமும் சொல்லி எழுத வைத்ததல்ல இது. முழுக்க என் கை. இந்த வயதில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். நீங்கள் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பீர்கள், பிறகு கடைத்தெரு முழுக்கச் சொல்லியிருப்பீர்கள்.

இன்று காலை காந்தி மார்க்கெட்டில் ஒருவர் வெற்றிலைக் கட்டுகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அந்த ஈர வாசனை வந்ததுமே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நேராக வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நாம் தூத்துக்குடியிலிருந்து பாய்மரத் தோணியில் மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போனோம். தீவு தீவாக நின்று விற்பதாகப் பேச்சு. கூடவே உங்கள் வெற்றிலைக் கூடைகள். அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். வாசலில் என்னை நிறுத்தி, "சேர்ந்து போறீங்க, சேர்ந்தே வாங்க. அவரை விட்டுட்டு நீ மட்டும் வந்து நிக்காதே," என்றாள்.

இரண்டு தீவுகளில் வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. அடுத்த தீவுக்குப் போகும் வழியில் காற்று நின்றுவிட்டது. பாய், காயப்போட்ட வேட்டிபோலத் தொங்கியது. நாள் கணக்கில் அப்படியே கிடந்தோம். தோணியை நடத்திய தண்டல் தூத்துக்குடிக்காரர். ஒருநாள் குடிநீர்ப் பீப்பாயை அசைத்துப் பார்த்தார். அடியில்தான் சத்தம் கேட்டது.

"இம்புட்டையும் யாருவே குடிச்சது?"

"யாரும் குடிக்கலீங்க," என்றீர்கள். "வெத்தலைக்குத் தெளிச்சேன்."

"வெத்தலைக்கா?"

"காலையும் சாயங்காலமும் தெளிக்கலேன்னா வாடிடுங்க. உப்புத்தண்ணி ஆகாதே."

கடையில் தினமும் செய்கிற வேலை. கை தானாகச் செய்திருக்கிறது. தண்டல் கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "காவேரிக்கரைக்காரரு. கைய நீட்டுனா தண்ணி வந்துரும்னு நெனச்சிட்டீரு," என்றார் மெதுவாக.

தூரத்தில் தென்னை மரங்கள் தெரிந்தன. இடையில் தண்ணீருக்கடியில் முழுக்கப் பாறை. சிறு படகில்தான் போக முடியும். அதுவும் வெயில் உச்சியில் இருக்கும்போது போய்த் திரும்பிவிட வேண்டும். சாய்ந்துவிட்டால் கண் கூசி, பாறை தெரியாது.

"என் வெத்தலைதானே குடிச்சுச்சு. நானே போறேன்," என்றீர்கள்.

"நானும் வரேன் மச்சான்."

"வேணாம் மாப்ள. ரெண்டு பேரும் போயிட்டா உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

ஒரு மாலுமியோடும் இன்னொரு காலிப் பீப்பாயோடும் இறங்கினீர்கள். கையில் ஒரு வெற்றிலைக் கட்டு. தண்டல் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னுமாவே வெத்தல?"

"தெரியாதவங்க வீட்டுக்கு வெறுங்கையோடயா போவாங்க?"

படகு வெள்ளை நுரைக்குப் பின்னால் மறைந்தது. மிச்சமிருந்த தண்ணீரைத் தண்டல் தேங்காய்ச் சிரட்டையில் ஆளுக்கு ஒரு வாய் ஊற்றினார். உங்கள் பங்கை ஒரு சிரட்டையில் விட்டு, தட்டால் மூடி வைத்தார். வெயில் சாய்ந்தது. நுரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருவரும் அந்தச் சிரட்டைப் பக்கம் கையை நீட்டவில்லை. நான் கடலைப் பார்ப்பேன், சிரட்டையைப் பார்ப்பேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் வாயில் நிற்கவில்லை.

கடல் செம்பாகும் நேரத்தில் இரண்டு படகுகள் வந்தன. முன்னால் வந்ததில் ஒரு தீவுக் கிழவர், வாய் நிறைய வெற்றிலையோடு, பாறைக்குப் பாறை கையைக் காட்டி, தன் பாஷையில் உங்களை ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டு, வழி காட்டிக்கொண்டு வந்தார். பின்னால் நீங்கள், ததும்பும் பீப்பாயைக் கட்டிப் பிடித்தபடி. உங்கள் வாயும் சிவந்திருந்தது.

மேலே ஏறியதும் மூடியிருந்த சிரட்டையைக் கண்டீர்கள்.

"எனக்கா வச்சிருந்தீங்க?"

தண்டல் தலையை மட்டும் ஆட்டினார். புதுத் தண்ணீரை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பழைய தண்ணீரைச் சொட்டு விடாமல் குடித்தீர்கள்.

அன்றிலிருந்து வீட்டில் யார் வெளியே போனாலும், அவர்கள் வரும்வரை ஒரு டம்ளர் தண்ணீரை மூடி வைக்கிறேன். பேரப்பிள்ளைகள் கேலி செய்வார்கள், ஆனால் வந்ததும் அதைத்தான் எடுத்துக் குடிப்பார்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் பல நாள் உங்களுக்காக மூடி வைத்துவிட்டு, சாயங்காலம் நானே எடுத்துக் குடித்திருக்கிறேன்.

கை வலிக்கிறது மச்சான். அந்தக் கிழவர் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பதை இன்னும் எழுதவில்லை. அந்தச் சொல்லுக்கு வேண்டிய எழுத்துகள் எனக்கு இன்னும் கைவரவில்லை; பழகிக்கொண்டு, வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் உட்காருகிறேன். டம்ளரும் பக்கத்தில் இருக்கும்.